அது விபத்து இல்லை, அண்ணே

சனிக்கிழமை ராத்திரி நம்ம வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை நிறையப் பேர் பார்த்துவிட்டீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள். அதனால் முழுக்கதையும் சொல்லப்போவதில்லை. இங்கே ஆஸ்திரேலியாவில், நம்ம விக்டோரியா மாநிலத்து வார்னம்பூல் ஊரில் நடக்கும் மே மாதக் குதிரைப் பந்தயத்துக்குக் குடும்பத்தோடு பஸ் போடுகிறோம் என்று போஸ்டர் வந்தது. "தடை தாண்டுற பந்தயத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிட்டுப் போக வேண்டாமே" என்று நான் ஒரு வரி எழுதினேன். ஒரே வரிதான். வேலியைத் தாண்டும்போது குதிரைகள் விழுந்து சாகின்றன என்பதால் எழுதினேன். "ரோட்டில ஆக்சிடென்ட் ஆகலையா, அது மாதிரிதான்பா இதுவும்" என்று ஆரம்பித்து, "பிரியாணி திங்கிறவன் பேசக்கூடாது" என்று போய், ஒரு மணி நேரத்தில் என்னைக் குழுவிலிருந்தே தூக்கியாகிவிட்டது.

குழுவுக்குள் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். அது விபத்து இல்லை.

ரோட்டில் நடப்பது விபத்து. யாருக்கு, எங்கே, எப்போது என்று தெரியாமல் நடப்பது. இங்கே குதிரை விழுவதற்கு முன்பே திரையைத் தயாராக வைத்திருக்கிறார்கள். விழுந்து எழுந்திருக்க முடியாத குதிரையைச் சுற்றிப் பிடித்து, மறைவில் கொல்வதற்கென்றே ஒரு பச்சைத் திரை. அதற்கு ஆட்கள், பின்னாலேயே வண்டி. எல்லாம் முன்கூட்டியே நிற்கிறது. முகூர்த்த நேரம் குறிப்பது போலச் சாவுக்கு ஏற்பாடு செய்துவைத்துவிட்டு, நடந்ததும் விபத்து என்றால் எப்படி அண்ணே?

நான் காற்றில் பேசவில்லை. விக்டோரியாவில் 1989 முதல் 2004 வரை நடந்த பந்தயங்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. தடை இல்லாத சமதளப் பந்தயத்தில் குதிரைகள் ஆயிரம் முறை ஓடினால் 0.44 சாவு. தடை தாண்டுகிற பந்தயத்தில் ஆயிரத்துக்கு 8.3. கிட்டத்தட்ட 19 மடங்கு. அதே இனக் குதிரை, அதே ஊர்ப் புல். நடுவில் வேலியை வைத்து நீண்ட தூரம் தாண்டவிட்டதற்குத்தான் இந்த வித்தியாசம். "அதுக்கப்புறம் தடையெல்லாம் மெத்துமெத்துன்னு மாத்திட்டாங்க" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். மாற்றினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. இங்கிலாந்தில் கிராண்ட் நேஷனல் என்கிற பெரிய தடை தாண்டும் பந்தயத்திலும் 2013-ல் தடைக்குள் இருந்த மரக்கட்டையை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் வைத்தார்கள். சில வருடம் அந்தப் பந்தயத்தில் குதிரை சாகவில்லை, உண்மை. 2019-ல் செத்தது. 2023-ல் ஹில் சிக்ஸ்டீன் என்ற குதிரை முதல் தடையிலேயே விழுந்து செத்தது. 2024-ல் ஓடுகிற குதிரைகளை 40-லிருந்து 34 ஆகக் குறைத்தார்கள். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் ஏதோ ஒன்றைக் குறைக்கிறார்கள். தாண்டுவதை மட்டும் நிறுத்த மாட்டேன் என்கிறார்கள்.

வார்னம்பூல் மே மாதத் திருவிழாவின் பெரிய பந்தயமான கிராண்ட் ஆனுவலில் எத்தனை தடை என்று போஸ்டர் அடித்தவருக்குத் தெரியுமா? 33. தூரம் ஐந்தரை கிலோமீட்டர். 2011-ல் அந்தத் திருவிழாவில் ஜாக்கி இல்லாமல் ஓடிய ஒரு குதிரை வேலியைத் தாண்டிக் கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு பேருக்குக் காயம். குடும்பத்தோடு வாருங்கள் என்று அந்த இடத்துக்குத்தான் கூப்பிடுகிறார்கள்.

பழனிக்காரன் நான். என் தாத்தா பஸ் ஸ்டாண்டுக்கும் அடிவாரத்துக்கும் குதிரை வண்டி ஓட்டியவர். குதிரைக்குப் பெயர் ராணி. ராத்திரி கொள்ளு ஊறப்போடுவது, விடிகாலையில் அது வேகிற வாசம், அதில்தான் நான் கண் விழிப்பேன். தாத்தா ஒன்றும் மகான் இல்லை, சவுக்கு வைத்திருந்தார், அடித்தும் இருக்கிறார். ஆனால் ஏற்றம் வந்தால் இறங்கிவிடுவார். சவாரியையும் இறங்கச் சொல்வார். "காசு குடுத்தேன்ல?" என்று சண்டை பிடித்தவர்களிடம், "காசு எனக்குக் குடுத்தீக, அதுக்கா குடுத்தீக?" என்று கேட்டதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

ஒரு தைப்பூசத்துக்கு மறுநாள் சாக்கடை மூடி உடைந்து ராணியின் முன்னங்கால் உள்ளே இறங்கிவிட்டது. இழுத்து வெளியே எடுத்தபோது குளம்பு திரும்பி இருந்தது. குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே சதையே கிடையாது. எலும்பு, தசைநார், தோல், அவ்வளவுதான். ரத்த ஓட்டமும் குறைவு. மாதக்கணக்கில் படுக்கவைத்து வைத்தியம் பார்க்கவும் முடியாது, அந்த எடைக்கு நுரையீரலும் குடலும் கெட்டுப்போகும். மூன்று காலில் நின்றால் நல்ல காலின் குளம்பும் வீங்கிச் சீரழியும். இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு மாட்டு டாக்டர் தாத்தாவைத் தனியே கூப்பிட்டு என்னமோ சொன்னார், தாத்தா தலையை ஆட்டினார். வீட்டிலிருந்து வெல்லம் எடுத்துவரச் சொன்னார். ராணி அதை வாங்கிக்கொள்ளவில்லை. உதட்டில் ஒட்டிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் பார்த்தால் கொள்ளு ஊறிக்கிடக்கிறது. பழக்கத்தில் ராத்திரி போட்டிருக்கிறார். வீணாக்கக் கூடாதென்று பாட்டி அதில் ரசம் வைத்தார். வீட்டில் ஒருவரும் தொடவில்லை.

அது விபத்து, அண்ணே. எனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியும்.

"உன் தாத்தா மட்டும் வேலை வாங்கலையா?" என்று கேட்பீர்கள். வாங்கினார். அந்தக் குதிரை இழுத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அது சரியா என்று இன்றைக்குக் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் ராணியின் கால் உடையுமா உடையாதா என்று யாரும் பந்தயம் கட்டவில்லை.

அடுத்தது எல்லாரும் காத்திருந்த கேள்வி. "2017-ல ஜல்லிக்கட்டுக்கு உட்கார்ந்தவன்தானே நீ?" ஆமாம். மதுரை தமுக்கம் மைதானப் போராட்டத்தில் நான்கு நாள் இருந்தேன். அதை மறைத்ததே இல்லை. என் மாமா வீட்டில் காளை இருந்தது. அது வாடியிலிருந்து வந்து ஓடி முடித்ததும் வீட்டுக்குத் திரும்பியது, வயசாகித்தான் செத்தது. எல்லாக் காளைக்கும் அப்படி நடப்பதில்லை என்பதும், மனுஷன் குத்துப்பட்டுச் சாகிறான் என்பதும் எனக்குத் தெரியும். அங்கேயும் கேள்வி கேளுங்கள், வந்து பதில் சொல்கிறேன். ஆனால் ஜல்லிக்கட்டில் நின்றவன் ஆயுசுக்கும் எந்த மிருகத்துக்காகவும் வாய் திறக்கக் கூடாது என்பது என்ன நியாயம்? பிரியாணிக்கும் இதேதான் பதில். அதற்கு மேல் பேச விருப்பமில்லை.

இன்னொருவர் சொன்னார்: சமதளத்தில் ஜெயிக்காத குதிரைகளுக்கு இது ரெண்டாவது வாழ்க்கை, இது இல்லையென்றால் கசாப்புக்குத்தான் போகும் என்று. எனக்கு அதிகம் வலித்தது இந்த வாதம்தான். பிறக்கவைத்தது நீங்கள், இரண்டு வயதில் ஓடவிட்டது நீங்கள், ஜெயிக்கவில்லை என்று தள்ளுவதும் நீங்கள். பிறகு, தாண்டு, இல்லையென்றால் வெட்டிவிடுவேன் என்பதற்குப் பெயர் கருணையா?

"இது அவங்க பாரம்பரியம், வந்த இடத்துல நமக்கென்ன?" இதைச் சொன்ன அண்ணன், நான் மெல்பர்னுக்கு வந்த புதிதில் 11 நாள் தன் வீட்டில் இடம் கொடுத்தவர். அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன். என்னைக் குழுவிலிருந்து நீக்கியதும் அவர்தான். ஒரு போன் செய்து, "தம்பி, கொஞ்சம் சும்மா இரு" என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அண்ணே, இந்த ஊர்க்காரர்களே 30 வருடமாக இதை எதிர்த்து நிற்கிறார்கள். 1991-லேயே ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் செனட் குழு இதைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1997-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில் 2022-ல் தடைச் சட்டம் வந்தது. அங்கே ஓக்பேங்க் ஊரின் ஈஸ்டர் பந்தயம் தாண்டுதல் இல்லாமலே நடக்கிறது, ஊர் ஒன்றும் அழிந்துவிடவில்லை. விக்டோரியாவிலேயே 2009 மே மாதம் வார்னம்பூலில் குதிரைகள் செத்தபோது நிறுத்திவைத்தார்கள். 2010-க்குப் பிறகு நடத்த மாட்டோம் என்றும் அறிவித்தார்கள், அப்புறம் பின்வாங்கினார்கள். இன்றைக்கு இந்த நாட்டில் இது மிச்சமிருக்கும் ஒரே மாநிலம் நம்முடையது. ஆமாம், நம்முடையது என்றுதான் சொல்கிறேன். வரி கட்டுகிறேன், ஓட்டுப் போடுகிறேன், என் மகள் இங்கேதான் பிறந்தாள். நமக்கென்ன என்று நான் எந்த ஊரில் போய்ச் சொல்வது?

மகளைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, விவரம் தெரியாமல் நானும் ஒரு சின்ன ஊர்ப் பந்தயத்துக்குக் கூட்டிப்போனேன். சிப்ஸ் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு எதிரே இருந்த தடையில் ஒரு குதிரை முகம் குப்புற விழுந்தது. எழுந்தது. முன்னங்காலை ஊன்றப் பார்த்தது, கால் பாதியில் மடங்கியது. மறுபடி ஊன்றப் பார்த்தது. அதற்குள் திரை வந்துவிட்டது. ஒலிபெருக்கியில் ஜெயித்த குதிரையின் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. "அப்பா, அந்தக் குதிரை உள்ள என்ன பண்ணுது?" என்று கேட்டாள். தூங்குது என்றேன். "கைதட்டுறாங்களே, முழிச்சுக்காதா?" என்றாள்.

அந்தக் கேள்வி உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து உங்களுக்கு வர வேண்டாம் என்றுதான் அந்த ஒரு வரியை எழுதினேன்.

பஸ்ஸை ரத்து செய்யச் சொல்லவில்லை. ஜூனுக்குத் தள்ளிப்போடுங்கள். அதே வார்னம்பூலில் லோகன்ஸ் கடற்கரைக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை திமிங்கிலங்கள் குட்டி போட வருகின்றன. மேடை கட்டியிருக்கிறார்கள், குழந்தைகள் நின்று பார்க்கலாம். டவர் ஹில்லில் கோலாவும் ஈமுவும் உண்டு. நூறு பேருக்குப் புளியோதரை என் வீட்டிலிருந்து வரும். அண்ணன் நம்பர் என்னிடம் இன்னும் இருக்கிறது. அவர் கூப்பிட்டால் எடுப்பேன்.