அதே வரி, இரண்டாவது கோப்பில்

புராஜெக்ட் முடிந்து எல்லாரும் களைத்துப்போன பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து "என்ன கற்றுக்கொண்டோம்" என்று எழுதுகிறோமே, அதை வைத்து அடுத்த புராஜெக்ட்டில் எதையாவது மாற்றியிருக்கிறோமா?

போன மாதம் பழைய எக்செல் கோப்பு ஒன்றைத் திறந்தேன். 14ஆவது வரி, மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் கணினியைப் பற்றியது: "டெஸ்ட் சர்வர் 3 வாரம் தாமதம். அடுத்த முறை முன்கூட்டியே கேட்க வேண்டும்." அதற்கு முந்தைய புராஜெக்ட்டின் கோப்பிலும் அதே வரி. இரண்டையும் எழுதியது நான்தான். மனசு கஷ்டமாகிவிட்டது.

டிசைனுக்கு ஒப்புதல் வந்த பிறகுதான் சர்வர் கேட்கலாம் என்று ஒரு விதி. ஒப்புதலோ ஒவ்வொரு முறையும் இழுக்கும். அப்புறம் எங்கே முன்கூட்டிக் கேட்பது? விதி ஏன் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அமெரிக்க நிர்வாகவியல் அறிஞர் கிறிஸ் ஆர்கிரிஸ் 1970களிலேயே இதற்குத் தெர்மோஸ்டாட்டை உதாரணம் காட்டினார். அறை குளிர்ந்தால் ஹீட்டரைப் போடும், சூடானால் அணைக்கும். அது ஒற்றை வளையக் கற்றல். 'இந்த அளவில் ஏன் வைத்திருக்கிறோம்' என்று கேட்பது இரட்டை வளையக் கற்றல். நாம் பெரும்பாலும் ஹீட்டரைத்தான் போட்டு அணைத்துக்கொண்டிருக்கிறோம். தாமதமா, ஆள் சேர். இன்னும் தாமதமா, ஞாயிற்றுக்கிழமையும் வா.

இது சின்ன விஷயமில்லை. 1986இல் சேலஞ்சர், 2003இல் கொலம்பியா என நாசாவின் இரண்டு விண்வெளி ஓடங்கள் விபத்தில் அழிந்தன. இரண்டிலும் ஏழேழு உயிர்கள். கொலம்பியா விபத்துக்குக் காரணம் எரிபொருள் தொட்டியிலிருந்து உடைந்து விழுந்த நுரைத் துண்டு; அப்படி விழுவது முந்தைய பயணங்களிலேயே தெரிந்த விஷயம். ஒன்றும் ஆகவில்லை என்பதாலேயே அது பழகிப்போனது. கற்கும் நிறுவனத்துக்குரிய தன்மைகள் நாசாவிடம் தென்படவில்லை என்றே கொலம்பியா விசாரணைக் குழு எழுதியது. அத்தனை அறிவாளிகள் இருந்த இடம் அது.

அதனால் இப்போது புதிய புராஜெக்ட்டின் முதல் கூட்டத்திலேயே பழைய கோப்பைத் திறக்கிறோம். ஒவ்வொரு வரியாலும் இந்தத் திட்டத்தில் என்ன மாறியது என்று காட்ட வேண்டும். எதுவும் மாறவில்லையென்றால் அது பாடமில்லை, வெறும் புலம்பல். யார் தவறு என்ற பேச்சை எடுக்கவே கூடாது; எடுத்தால் வாய்கள் மூடிக்கொள்ளும், உண்மை வெளியே வராது.

அந்தச் சர்வர் விதியையும் விசாரித்தோம். சர்வரைக் காசு கொடுத்து வாங்கிய காலத்தில், டிசைன் மாறினால் பணம் வீணாகுமே என்று போட்ட விதியாம். இப்போது எல்லாமே கிளவுடில், அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கணினிகளில். வேண்டாமென்றால் அன்றே நிறுத்திவிடலாம். விதியை எடுக்கச் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பினோம். இரண்டே நாளில் எடுத்துவிட்டார்கள்.