அந்தக் கடித மாதிரியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்

நிறுவனங்கள் நம்மைப் பற்றி வைத்திருக்கும் தரவை, அதாவது தனிப்பட்ட தகவல்களைக் கேட்டு எழுதுவதற்கென்று நான்கு நாள்களாக எல்லோரும் பகிர்ந்துவரும் அந்தக் கடித மாதிரியைப் பற்றி, ‘இதில் கேட்டிருப்பது என்னவென்றே தெளிவாக இல்லை, திருத்திவிட்டு அனுப்புங்கள்’ என்று நான் எழுதியதைப் பலரும் படித்திருப்பீர்கள். அதன் பிறகு எனக்குக் கிடைத்த பட்டங்களையும் படித்திருப்பீர்கள். நிறுவனங்களின் கையாள் என்றார் ஒருவர். எளிய மனிதன் சட்டம் பேச வாய் திறந்தால் உடனே எழுத்துப் பிழை தேடுகிறவன் என்றார் இன்னொருவர். அவர் நான் நெடுங்காலமாக மதித்துவருபவர். முதலாமவருக்குப் பதில் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. இரண்டாமவருக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. தன்னைப் பற்றிய தரவைக் கேட்டு ஒருவர் எழுதும் கடிதத்தில், அவர் கேட்பது எது என்பது முதல் வாசிப்பிலேயே விளங்க வேண்டும். நகல் வேண்டுமென்றால் நகல் என்றும், நீக்க வேண்டுமென்றால் நீக்கம் என்றும், யாருக்குக் கொடுத்தார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் அதையும் அப்படியே எழுத வேண்டும். இவை மூன்றும் மூன்று கோரிக்கைகள்.

அந்த மாதிரியில் எல்லோரும் கைதட்டிய வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘என் ஆவணங்கள் அனைத்தையும் உடனே நீக்கி, அவற்றின் நகலை வழங்கி, ஏன் சேகரித்தீர்கள் என்று விளக்கமளிக்கவும்.’ இந்த வரிசைப்படியே ஒரு நிறுவனம் நடந்தால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தீர்களா? முதலில் நீக்குவார்கள். பிறகு, ‘தங்களைப் பற்றிய தரவு எதுவும் எங்களிடம் இல்லை’ என்று எழுதுவார்கள். அது பொய்யாகவும் இருக்காது. உங்கள் தரவை அவர்கள் தவறாகப் பயன்படுத்தியிருந்தால், அதற்கான ஒரே சான்றையும் நீங்களே கையெழுத்திட்டு அழிக்கச் சொல்லிவிட்டீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையில் நகல் பெறும் உரிமை 15-ஆம் பிரிவிலும், நீக்கக் கோரும் உரிமை 17-ஆம் பிரிவிலும் தனித்தனியே இருக்கின்றன. நிபந்தனைகளும் வேறு வேறு. இரண்டையும் ஒரே வரியில் பிசைந்து எழுதினால், பதில் எழுதுகிறவர் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார்.

அடுத்தது ‘ஆவணங்கள்’ என்ற சொல். இதைச் சொன்னதற்குத்தான் என்னைச் சொற்பித்தன் என்றார்கள். 2023 மே 4 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தந்த தீர்ப்பு, நகல் என்றால் அந்த மனிதரைப் பற்றிய தரவு முழுவதையும் உள்ளபடியே, புரியும்படி திருப்பித் தருவது என்கிறது. முழு ஆவணத்தின் நகலைத் தர வேண்டியது, அவர் தம் உரிமைகளைப் பயன்படுத்த அது இன்றியமையாததாக இருக்கும்போதுதான். ஆகவே ‘ஆவணம் கொடு’ என்று கேட்டவரிடம் ‘ஆவணம் தரும் கடமை எங்களுக்கில்லை’ என்று ஒரே வரியில் கடிதத்தை முடித்துவிட முயல்வார்கள். ‘என்னைப் பற்றிய தரவு அனைத்தின் நகல்’ என்று கேட்டிருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும்.

சட்டத்தின் பெயரைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த மாதிரி ஒரே மூச்சில் ஐரோப்பிய ஒழுங்குமுறையையும் இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் காட்டி, ஒரு தனியார் நிறுவனத்தை மிரட்டுகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் அரசுத் துறைகள் போன்ற பொது அதிகார அமைப்புகளுக்குத்தான் போகும். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவோ ‘நகல்’ என்று சொல்லவில்லை; கையாளப்படும் தரவின் ‘சுருக்கம்’ என்றே சொல்கிறது. சிங்கப்பூரின் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கோரிக்கைக்கு முந்தைய ஓராண்டில் உங்கள் தரவு எப்படிப் பயன்படுத்தப்பட்டது, எப்படி வெளியிடப்பட்டது என்றும் கேட்கலாம். இப்படி நாட்டுக்கு நாடு சொல் மாறும்போது, எல்லா நாட்டுக்கும் ஒரே கடிதம் என்று பரப்புவது உதவியாகாது.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தில், இத்தகைய கடிதங்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் வேலை பார்த்தேன். ஓர் அம்மையார் கையால் எழுதிய மூன்று பக்கக் கடிதம் வந்தது. முழுவதும் மனவருத்தம், யார் எப்படிப் பேசினார்கள், எத்தனை முறை அலைக்கழித்தார்கள் என்பதெல்லாம் இருந்தது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரி: ‘என்னைப் பற்றி அங்கே என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.’ நான் அந்த வரியைப் படித்தேன். படித்துவிட்டு, கடிதத்தைப் புகார்க் கட்டில் சேர்த்தேன். எங்களைக் கட்டுப்படுத்திய சட்டத்தின்படி அது முறையான தரவுக் கோரிக்கை. ஒரு மாதத்துக்குள் பதில் போயிருக்க வேண்டும். மூன்றாவது மாதம் அவர் தொலைபேசியில் அழைத்தார். கோபப்படவே இல்லை. ‘நான் சரியாக எழுதவில்லையா?’ என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

‘அப்படியானால் தவறு உன்னுடையதுதானே, அந்த அம்மையார் ஏன் சொல் பழக வேண்டும்?’ என்று இப்போது கேட்பீர்கள். ஆம், தவறு என்னுடையதுதான். சட்டத்தின் பெயரையோ பிரிவு எண்ணையோ எழுத வேண்டிய கட்டாயம் கேட்பவருக்கு இல்லை. புரியாவிட்டால் திரும்பக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது பெறுபவரின் வேலை. இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் அன்று நான் உட்கார்ந்திருந்ததைப் போல இன்றும் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் திருந்தும்வரை உங்கள் கடிதம் புகார்க் கட்டில் கிடக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன். இதைச் சொல்பவன் கையாளா?

‘காரணம் சொல்லிக் கெஞ்சச் சொல்கிறாய்’ என்றும் ஒருவர் எழுதினார். நான் அப்படி எங்கேயும் சொல்லவில்லை. தன் பல் மருத்துவர்மேல் நடவடிக்கை எடுக்கும் எண்ணத்தில் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்ட நோயாளியின் வழக்கில், காரணம் சொல்லத் தேவையில்லை, முதல் நகல் இலவசம் என்று அதே ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023 அக்டோபர் 26 அன்று தீர்ப்பளித்தது. மற்றவர்கள் உங்களைப் பற்றி எழுதிய குறிப்பும் உங்கள் தரவாக முடியும். தேர்வரின் விடைகளும் அவற்றின்மேல் தேர்வாளர் எழுதிய குறிப்புகளும் தேர்வரின் தனிப்பட்ட தரவே என்று அந்த நீதிமன்றம் 2017 டிசம்பர் 20 அன்றே சொல்லிவிட்டது. ஆகவே கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். ‘சட்ட நடவடிக்கை எடுப்பேன்’ என்று முதல் கடிதத்திலேயே எழுதினால் அது நேராகச் சட்டப் பிரிவுக்குப் போய், அங்கே எச்சரிக்கையோடு எழுதப்பட்ட பதிலாகத் திரும்பி வரும்.

என்னை உண்மையில் கலங்கடித்தது அந்த மாதிரியின் கடைசி வரி. ‘என் அடையாள அட்டைகள் அனைத்தின் நகலையும் இணைத்துள்ளேன்.’ எதற்காக? ஐரோப்பிய ஒழுங்குமுறைப்படி, கேட்பவர் யார் என்பதில் நியாயமான ஐயம் இருந்தால்தான் கூடுதல் தகவல் கேட்கலாம். தரவு தவறான கையில் இருக்கிறதோ என்று அஞ்சிக் கடிதம் எழுதுகிறவர், அந்த அஞ்சலிலேயே தன் அட்டைகள் எல்லாவற்றையும் அதே கைக்கு அனுப்பிவைக்கிறார். இதைப் பரப்பியவர்களில் எத்தனை பேர் கடைசி வரிவரை படித்தீர்கள்?

வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு என் பதில் நான்கே வாக்கியம். ‘நீங்கள் என்னைப் பற்றி வைத்துள்ள தனிப்பட்ட தரவு அனைத்தின் நகலை எனக்குத் தாருங்கள். அவை எங்கிருந்து கிடைத்தன, எதற்காக, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று தெரிவியுங்கள். யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதைப் பெயருடன் தெரிவியுங்கள். நான் உங்களிடம் பதிவு செய்துள்ள மின்னஞ்சல் முகவரியிலிருந்தே இதை அனுப்புகிறேன்.’ தேதியை எழுதி, அனுப்பியதற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். ‘பெயருடன்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். கேட்பவருக்குப் பெறுநர்களின் வகையை மட்டும் சொன்னால் போதாது, அவர்கள் யார் என்றே சொல்ல வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தில் 2023 ஜனவரி 12 அன்று தீர்ப்பானது; அவர்களை அடையாளம் காண இயலாதபோதும், கோரிக்கை வெளிப்படையாக ஆதாரமற்றதாகவோ மிகையானதாகவோ இருக்கும்போதும்தான் விலக்கு. ‘வணிகக் கூட்டாளிகள்’ என்று பதில் வந்தால் திருப்பிக் கேளுங்கள்.

பழைய மாதிரியை ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் தயவுசெய்து காத்திருக்க வேண்டாம். நீக்கக் கோரிக்கையைத் திரும்பப் பெறுவதாகவும், நகல் கிடைக்கும்வரை எதையும் அழிக்கக் கூடாதென்றும் இன்றே ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.