வாடகை கட்டடத்துக்குத்தான் வரும், மண்ணுக்கு வராது

"ஒரு ஃபிளாட் வாங்கிப் போடுங்க, வாடகையே இஎம்ஐயைக் கட்டிடும், அஞ்சு வருஷத்துல ரெண்டாவது வாங்கிடலாம்." சென்னையில் இன்றைக்கும் இப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். நம்பி இறங்குவது பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். அவர்களுக்காகக் கணக்கை முழுசாகப் போட்டுவிடுகிறேன்.

மேடவாக்கம் பக்கம் கைமாறி வரும் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் ஒன்று 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அப்படியானால் கடன் 48 லட்சம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்துக்கு 5.40 லட்சம்; இதை வங்கி சொத்து மதிப்பில் சேர்க்காது. புரோக்கர், வக்கீல் செலவையும் கூட்டினால் கையிலிருந்து போவது 18 லட்சத்துக்கு மேல். வட்டி 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் இஎம்ஐ சுமார் 41,650.

வாடகை 18,000. வருடத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும், அந்த மாத மெயின்டனன்ஸ் உங்கள் தலையில். சொத்துவரி, தண்ணீர் வரி, ஆள் மாறும்போது பெயின்ட், குழாய் ரிப்பேர் எல்லாம் போக மாதம் 14,400 மிஞ்சினால் அதிகம். அதாவது மாதாமாதம் 27,000 ரூபாய்க்கு மேல் சம்பளத்திலிருந்து போட வேண்டும். இந்தக் கணக்கில் இரண்டாவது ஃபிளாட்டுக்கு எங்கே இடம்?

"வரி மிச்சமாகுமே" என்பார்கள். அது பழைய வரி முறையின் கதை. அதிலேயே, வாடகையைவிடக் கடன் வட்டி அதிகமாகி வரும் வீட்டுக் கணக்கு நஷ்டத்தில் வருடம் 2 லட்சம் வரைதான் சம்பளத்தில் கழிக்கலாம். புதிய முறையில் அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவே முடியாது.

ஏன் இப்படி ஆகிறது? ஃபிளாட் விலையில் பெரும்பகுதி யூடிஎஸ் என்கிற மண் பங்கின் விலை. குடியிருக்க வருகிறவர் மண்ணுக்குப் பணம் தருவதில்லை. அறை, தண்ணீர், பஸ் ஸ்டாப்பின் தூரம் இவற்றுக்குத்தான் தருகிறார். மண் விலை ஏறலாம், ஆனால் அந்த ஏற்றத்தை வைத்து ஐந்தாம் தேதி இஎம்ஐ கட்ட முடியாது. அதனால் என் கருத்து இதுதான்: வாடகை வருமானத்துக்காகக் கடன் வாங்கினால் அந்தக் கடன் கட்டடத்துக்குப் போக வேண்டும், மண்ணுக்குப் போகக் கூடாது.

அம்பத்தூர், ஆவடி பக்கம் 30க்கு 50 அடி மனை ஏற்கெனவே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கீழே இரண்டு, மேலே இரண்டு என நான்கு சிங்கிள் பெட்ரூம் போர்ஷன், மொத்தம் 2,000 சதுர அடி. சதுர அடிக்கு 2,300 ரூபாய் வீதம் 46 லட்சம், பிளான் அப்ரூவல், போர், சம்ப், ஈபி கனெக்ஷன் என்று 4 லட்சம். 50 லட்சத்தில் 40 லட்சம் கடன் என்றால் இஎம்ஐ சுமார் 34,700. போர்ஷனுக்கு 9,500 வீதம் வாடகை 38,000. காலி மாதங்கள், செப்டிக் டேங்க் லாரி, மோட்டார் காயில், பொது கரண்ட் பில், வரி எல்லாம் கழித்தாலும் 30,000 நிற்கும். மாதப் பள்ளம் 4,000 சொச்சம்தான். வருடம் 5 சதவீதம் ஏற்றினால் மூன்றாவது ஏற்றத்தில் வாடகையே கடனைத் தூக்கிவிடும்.

மனை இல்லாதவர்கள் மேலே ஒரு தளம் எழுப்ப வழியுள்ள பழைய தனி வீட்டைப் பாருங்கள். பில்லர் போட்ட வீடா, சுவர் தாங்கும் வீடா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பிளானில் தரைத்தளம் மட்டும் இருந்து மாடி அனுமதியில்லாமல் கட்டியது என்றால் வங்கிக்காகச் சொத்தை மதிப்பிடும் வேல்யூயர் பொதுவாக அந்த மாடியைக் கணக்கில் எடுக்கமாட்டார். விற்பவர் மட்டும் அதற்கும் சேர்த்து விலை சொல்வார்.

கட்டும்போது எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கட்டுமானக் கடன் மொத்தமாக வராது. பேஸ்மென்ட், ரூஃப், பூச்சு என்று ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஆள் வந்து பார்த்துத்தான் அடுத்த தவணை விடுவார்கள். உங்கள் பங்குப் பணம் முதலில் இறங்க வேண்டும். ரூஃப் கான்கிரீட் போட்டதும் வேலை முடிந்த மாதிரி தெரியும். டைல்ஸ், கதவு, வயரிங், பிளம்பிங், பெயின்ட் என்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவு அதற்குப் பிறகுதான் வருகிறது. அங்கே பணம் தீர்ந்து இரண்டு வட்டிக்கு, அதாவது வருடம் 24 சதவீதத்துக்கு, வெளியில் வாங்குகிறார்கள். 30 லட்சம் எடுத்த நிலையில் வேலை ஒரு மாதம் நின்றால் வட்டி மட்டும் 21,250, வராத வாடகை 38,000. எஸ்டிமேட்டில் 10 சதவீதத்தைத் தனியாக வைத்துக்கொண்டு கடைக்கால் தோண்டுங்கள். நான்கு போர்ஷனுக்கும் தனித்தனி மீட்டர், பொது மோட்டாருக்கு ஒன்று என்று ஆரம்பத்திலேயே வாங்கிவிடுங்கள். சப் மீட்டர் வைத்த வீடுகளில் யூனிட் கணக்குச் சண்டை ஓயாது.

குடிவருகிறவர் தரும் அட்வான்ஸ் பணத்தைக் கட்டுமானத்தில் போடாதீர்கள், அது திருப்பித் தர வேண்டிய பணம். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பொது அளவாக வைத்திருப்பது மூன்று மாத வாடகைதான். அதைவிடக் கவலையானது ஒத்தி. வங்கிக் கடனில் இருக்கும் வீட்டை 8 லட்சம், 10 லட்சம் வாங்கிக்கொண்டு லீசுக்கு விட்டு, அந்தப் பணத்தில் அடுத்த வீட்டுக்கு முன்பணம் கட்டுகிறார்கள். இஎம்ஐ நின்றால் வங்கி, கடன் வசூலுக்கான சர்ஃபேசி சட்டப்படி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகும். குடியிருக்கும் குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் அதோடு சிக்கிக்கொள்ளும். இப்படி வளர்வதை வளர்ச்சி என்று என்னால் சொல்ல முடியாது.

அடுத்த சொத்துக்கு எப்போது போகலாம்? செலவு போக மிஞ்சும் வாடகை இஎம்ஐயைப் போல 1.2 மடங்கு வந்த பிறகு. எல்லாக் கடனுக்கும் சேர்த்து ஆறு மாத இஎம்ஐ எஃப்டியில் இருக்க வேண்டும். வட்டியும் ஏறும்: 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 4 சதவீதத்திலிருந்து 6.5க்கு ஏறியது. 40 லட்சக் கடனில் வட்டி 7லிருந்து 9.5 ஆனால் இஎம்ஐ 31,000லிருந்து 37,300 ஆகும். அப்போது பல வங்கிகள் இஎம்ஐயைத் தொடாமல் வருடங்களை நீட்டிவிட்டன, பலருக்கு அது தெரியவே இல்லை. வருடம் ஒருமுறை ஸ்டேட்மென்ட் எடுத்து, மீதித் தவணை எத்தனை என்று பாருங்கள்.

வாடகையை ரொக்கமாக வாங்குகிறவர்களுக்கு அடுத்த கடன் கிடைப்பது கஷ்டம். அக்ரிமென்ட்டை எழுதிப் பதிவு செய்து, வாடகையை அக்கவுன்ட்டில் வாங்கி, வருமான வரி ரிட்டர்னில் காட்டினால்தான் பெரும்பாலான வங்கிகள் அதை வருமானமாக எடுக்கும். அதிலும் ஒரு பகுதியைத்தான் எடுக்கும். வரிக் கணக்கில் வாடகைக்கு முப்பது சதவீதக் கழிவு எப்படியும் கிடைக்கிறது, காட்டுவதில் பயம் வேண்டாம்.

ஃப்ளோட்டிங், அதாவது ஏறி இறங்கும், வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் இல்லை. வட்டி அதிகமுள்ள கடனை முதலில் அடையுங்கள். அடைத்த 30 நாளுக்குள் வங்கி மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், அவர்களால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும். 2023 டிசம்பர் முதல் இதுதான் விதி. பத்திரம் கைக்கு வந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்ஓடி (பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்த பதிவு) ரத்து ரசீதைப் பதிவு செய்து, புது ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, போட்டுப் பாருங்கள். அந்தப் பதிவு ஏறாதவரை ஈசியில் பழைய கடன் நின்றுகொண்டே இருக்கும், அடுத்த வங்கி அந்தச் சொத்தின் மேல் கடன் தராது.