லான்சருக்கு டர்போ போடணுமாம்

அக்கா பையன் புதுச்சேரி நம்பரில் ஒரு பழைய மிட்சுபிஷி லான்சர் கார் வாங்கி வந்திருக்கிறான். 1.5 லிட்டர் பெட்ரோல், திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி. வாங்கின மறுநாளே கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "மாமா, இதுக்கு டர்போ போட்டா எவ்ளோ பவர் வரும்?" என்றான். டர்போ என்றால் இன்ஜின் புகையின் வேகத்தில் சுற்றி, உள்ளே கூடுதல் காற்றைத் திணிக்கிற விசிறி. டீ கூட வேண்டாமாம். கையில் போன், போனில் எவனோ ஒருத்தன் நெருப்பு கக்கும் சைலன்சரோடு ஓட்டுகிற வீடியோ.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. நம்ம ஊர் லான்சரும், மிட்சுபிஷி ராலிக்காகச் செய்த லான்சர் எவோ 4, 5, 6ம் பார்வைக்கு ஒரே உடம்பு. டோமி மாக்கினன் 1996லிருந்து 1999 வரை வரிசையாக நாலு வருஷம் உலக ராலி பட்டம் ஜெயித்தது மிட்சுபிஷியில்தான். ஆனால் எவோ 4க்குள் இருந்தது 4ஜி63 என்கிற 2 லிட்டர் டர்போ, 280 குதிரைத்திறன், நாலு சக்கரத்துக்கும் இழுவை. நம்ம லான்சர் 90ஐத் தொடாது, முன்சக்கர இழுவை மட்டும். "அப்போ துபாயிலேருந்து ஹாஃப் கட் எடுத்து உள்ளே வெச்சிடலாமே" என்கிறான். ஹாஃப் கட் என்றால் பழைய வண்டியிலிருந்து இன்ஜினோடு வெட்டி எடுத்த பாதி. வைக்கலாம்டா, கியர்பாக்ஸ், பின் டிஃபரன்ஷியல், அதுக்கு இடம் கொடுக்கிற தரை, பிரேக், வயரிங் எல்லாவற்றையும் மாற்றி முடிக்கும்போது லான்சர் என்று மிச்சம் இருப்பது கதவும் ஆர்.சி. புத்தகமும்தான். அந்த ஆர்.சி.க்கும் சிக்கல்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் 11 வருஷம் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் பட்டறை வேலை பார்த்தவன். ஸ்கைலைன், சூப்ரா, எவோ, சுபாரு என்று பழைய ஜப்பான் டர்போ வண்டிகள்தான் சோறு போட்டன. அதனால் இந்த ஆசை எனக்குப் புரியும். புரியாதது ஒன்றுதான், எல்லாரும் பூஸ்ட் ஏற்றுவதிலிருந்தே, அதாவது டர்போ திணிக்கிற காற்றின் அழுத்தத்தைக் கூட்டுவதிலிருந்தே ஏன் ஆரம்பிக்கிறார்கள் என்பது.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 1989லிருந்து 2004 வரை ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்குள் ஒரு பேச்சு வைத்திருந்தன, எந்த வண்டியும் காகிதத்தில் 280 குதிரைத்திறனைத் தாண்டக்கூடாது என்று. காகிதத்தில்தான். இன்ஜினை அதற்கு மேல் தாங்குகிற மாதிரியே செய்தார்கள். சூப்ராவின் 2ஜேஸட் இன்ஜினைப் பாருங்கள், வார்ப்பிரும்பு பிளாக், கிராங்கைத் தாங்க 7 மெயின் பேரிங். உள்ளே கை வைக்காமலே 600 குதிரை எடுத்தவர்கள் நிறைய. அப்போ கம்பெனிக்காரன் நமக்காகத்தான் அவ்வளவு மிச்சம் விட்டு வைத்திருக்கிறான், எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று ஒரு நம்பிக்கை ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

அந்த மிச்சம் உண்மை. ஆனால் அது வண்டி புதுசாக இருந்தபோது இருந்த மிச்சம். 30 வருஷத்தில் ஹோஸ், பம்பு, வயர், ரிங், ரேடியேட்டர் எல்லாமாகச் சேர்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்திருக்கும். காலியான கணக்கில் செக் போடுகிற வேலைதான் நம்ம பசங்க செய்வது.

நானும் அப்படி ஒரு செக் போட்டிருக்கிறேன். ஒரு நிசான் ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆர் பட்டறைக்கு வந்தது. ஆர்பி26 இன்ஜின், 2.6 லிட்டர், ஆறு சிலிண்டர், ரெண்டு டர்போ. கம்பெனி டர்போவில் டர்பைன் சக்கரம் பீங்கான், பூஸ்ட் ஏற்றினால் உடைந்து சிதறும் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் உலோகச் சக்கரம் உள்ள டர்போ போட்டோம். டர்போ திணிக்கிற காற்றைக் குளிர்விக்கப் பெரிய இன்டர்கூலர் வைத்தோம். இவ்வளவும் யோசித்த எனக்குப் பின்னால் டேங்குக்குள் 20 வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிற பெட்ரோல் பம்பு மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. பம்பு ஓடியதே, அதனால்தான். ஆனால் பழைய வயரில் வோல்டேஜ் இறங்கி, பம்புக்குக் கிடைத்தது 11 வோல்ட். சும்மா ஓட்டும்போது அது போதும். பூஸ்ட் 1.1 பாருக்கு ஏறினதும் காற்று கூடியது, பெட்ரோல் கூடவில்லை. ஆகஸ்ட் மாசத்து ஷார்ஜா வெயில் வேறு.

இப்படிப் பெட்ரோல் போதாமல் கலவை வறண்டால் என்ன ஆகும் என்றால், பிளக் பற்றவைத்த தீ வந்து சேருவதற்குள் சிலிண்டர் மூலையில் இருக்கிற கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானே வெடித்துவிடும். இதைத்தான் நாம் "வண்டி தட்டுது" என்கிறோம். மெதுவாகப் போகும்போது தட்டினால் காதில் விழும், கியரைக் குறைத்தால் போதும். முழு பூஸ்ட்டில் தட்டினால் சைலன்சர் சத்தத்தில் எதுவுமே கேட்காது. ஆறாவது பிஸ்டனில் ரிங் உட்கார்கிற விளிம்பு உடைந்துபோனது. பூஸ்ட் ஏற்றின திருகைத் திருப்பியது என் கை. முதலாளி அரபியில் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

அன்றிலிருந்து எந்தப் பழைய டர்போ வண்டி வந்தாலும் முதலில் காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டுகிற வைட்பேண்ட் மீட்டர் மாட்டுவேன். பூஸ்ட்டில் 11.5 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்கிற பக்கத்தில் நிற்கிறதா என்று பார்ப்பேன். 13 காட்டினால் காலை எடுத்துவிடுவேன். எவோ என்றால் டைமிங் பெல்ட்டோடு பக்கத்தில் இருக்கிற, இன்ஜின் அதிர்வைக் குறைக்கிற பேலன்ஸ் ஷாஃப்ட்டின் சின்ன பெல்ட்டும் புதுசாக மாற்றிவிடுவேன். அந்தச் சுண்டைக்காய் பெல்ட் அறுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கி, வால்வு எல்லாம் வளைந்த இன்ஜின்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் இதை வீடியோ எடுத்துப் போடமாட்டார்கள், லைக் வராது.

இங்கே கடலூரில் இன்னொரு சிக்கல், உப்புக் காற்று. முதுநகர்ப் பக்கம் ரெண்டு வருஷம் வெளியில் நின்ற வண்டியின் ரேடியேட்டர் இதழ்களைக் கையால் தடவிப் பாருங்கள், பொடியாக உதிரும். எர்த் வயர் முனையெல்லாம் பச்சை பூத்திருக்கும்.

அப்புறம் பெட்ரோல். முள்ளோடை தாண்டிப் புதுச்சேரிக்குள் போய் விலை குறைவு என்று டேங்க் நிரப்பி வருகிறோம், சரி. எத்தனால் கலந்ததால்தான் டர்போ வண்டி கெடும் என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போகமாட்டேன். எத்தனால் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும், தட்டுவதைக் குறைக்கும். டர்போவுக்கு அது நண்பன்தான். ஆனால் லிட்டருக்கு அதில் இருக்கிற சக்தி பெட்ரோலைவிட மூணில் ஒரு பங்கு குறைவு, அதனால் இன்ஜெக்டர் கூடுதலாக ஊற்ற வேண்டும். 90களின் ரப்பர் ஹோஸ் அதைத் தாங்காது. ஆக, மறுபடியும் ஹோஸ், பம்பு, இன்ஜெக்டர். சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறோம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது, 2019ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்திவிட்டது. ஈ.சி.ஆரில் மரக்காணம் வரை விரட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம். உப்பளத்துக்காரன் சைக்கிளில் ரோட்டைக் கடக்கிற இடம் அது. வேகம்தான் வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போ.

இவ்வளவும் பேசின பிறகு, "சரி மாமா, இப்ப என்னதான் பண்ணணும்?" என்றான். பிளக் நாலையும் கழற்றச் சொன்னேன். சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று கம்ப்ரஷன் மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 165, 160, 110, 160 பி.எஸ்.ஐ. மூணாவதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி சுற்றினோம், 145க்கு ஏறியது. வால்வு கோளாறாக இருந்திருந்தால் ஏறியிருக்காது, போனது ரிங். இருக்கிற 90க்கும் குறைவான குதிரையிலேயே கொஞ்சம் ஏற்கெனவே ஓடிப்போயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஹெட்டைக் கழற்றுகிறோம். லேத்காரரிடம் சொல்லி வைத்தாகிவிட்டது. பையன் போனில் இப்போது பிஸ்டன் ரிங் விலை தேடிக்கொண்டிருக்கிறான்.