மைனஸ் பத்து என்று அச்சடித்தவர் ஒரு நாள் அதில் படுக்கட்டும்

‘மைனஸ் 10 டிகிரி’ என்று ஸ்லீப்பிங் பேக் உறையில் கொட்டை எழுத்தில் அச்சடித்த புண்ணியவானை ஒரே ஓர் இரவு அதற்குள் திணித்து ஜிப்பை இழுத்து மூட வேண்டும். அதன் பிறகு பேசுவோம்.

ஜனவரியில் இமயமலையில் கேதார்கந்தா மலையேற்றம். காட்பாடியில் ரயில் ஏறி, டெல்லி, டேராடூன், அங்கிருந்து நாள் முழுக்கக் குலுங்கி அடிவாரத்துச் சாங்கிரி. ஏற்பாடு செய்தவர் நம்மூர்க்காரர்தான். “அண்ணா, நீங்கள் உடம்பை மட்டும் கொண்டு வாருங்கள், மற்றதெல்லாம் எங்கள் பொறுப்பு” என்றார். அம்மா கொடுத்த குரங்குக் குல்லாவை மட்டும் நல்லவேளையாக எடுத்துப்போனேன்.

பனியில் கூடாரம் போடுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதலில் மிதித்து மிதித்துத் தரையை இறுக்கி, அது கெட்டிப்படக் காத்திருக்க வேண்டும். குச்சியைக் குறுக்காகப் புதைத்துக் கயிற்றைக் கட்ட வேண்டும். இவர்களோ பாலாற்று மணலில் நடுவது போல முளையைச் செருகிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். நள்ளிரவில் காற்று வந்தது, முளை வந்துவிட்டது. “குளிரும், ஜன்னலை மூடுங்கள்” என்று அறிவுரை வேறு. மூடினோம். எங்கள் மூச்சே உள்துணியில் பனியாகப் படிந்து, மச்சான் புரண்டு படுக்கும்போதெல்லாம் என் கழுத்துக்குள் பொடியாக உதிர்ந்தது.

எல்லாவற்றையும்விட அந்தப் பாய்! கல்யாண மண்டபத்து ஜமக்காளம்கூட அதைவிடத் தடிமன். படுத்ததும் நம் எடையில் ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு அப்பளமாகிவிடும். அதன் பிறகு கீழிருந்து ஏறும் குளிரைத் தடுக்கப் பாயை விட்டால் வேறு நாதியில்லை. ஊர் திரும்பிய பிறகுதான் படித்தேன்: ஸ்லீப்பிங் பேக்குக்குச் சொல்லும் வெப்பநிலை ஒன்றல்ல, மூன்று. நிம்மதியாகத் தூங்க ஒன்று, சுருண்டு படுத்துச் சமாளிக்க ஒன்று, ஆறு மணி நேரம் செத்துப்போகாமல் கிடக்க ஒன்று. எனக்கு வந்த பையில் எதை அச்சடித்திருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஷூ மரக்கட்டையாக நின்றது. அடுப்பு பற்றவில்லை. பூஜ்ஜியத்துக்குக் கீழே பியூட்டேன் வாயு சரியாக ஆவியாகாது என்பது பள்ளிக்கூடத்துப் பாடம், அதைக்கூட யோசிக்காமல் அந்த சிலிண்டரைத் தூக்கி வந்திருக்கிறார்கள்.

கேட்டதற்கு வந்த பதில்தான் இன்னும் எரிகிறது. “வெயிலிலேயே வளர்ந்தவர்கள் அண்ணா, வேலூர்க்காரர்களுக்குக் குளிர் தாங்காது.” ஆமாம், மே மாதம் எங்கள் ஊர் 110 ஃபாரன்ஹீட்டைத் தொடும். அப்போது வாடகைக்கு எடுத்த ஏர்கூலர் சுடுகாற்றை ஊதினால், “நீங்கள் ஊட்டிக்காரரா?” என்றா கேட்பீர்கள்?

போன வாரம் அதே ஆள் அழைத்தார். ஏலகிரியில் கூடாரம், பழைய வாடிக்கையாளர்களுக்குத் தள்ளுபடியாம். பாய் எது என்று கேட்டேன்.

“அதே பாய்தான் அண்ணா, நன்றாகத்தானே இருந்தது?”