போங்கான்னா போகச் சொல்றதா?

(ஸ்பெயினின் மாட்ரிட் நகரம், லவாபியேஸ் பகுதியில் ஒரு வாடகை அறை. முத்து தோசை வார்க்கிறார். செல்வம் காய்கறிப் பையோடு வருகிறான்.)

செல்வம்: அண்ணே, இந்த ஊர்ல யாருக்கும் ரோஷமே கிடையாதா? காய்க்கடை அம்மாவைப் பார்த்து வர்றவன் எல்லாம் 'போங்கா, போங்கா'ங்கிறான். அது நகரவே மாட்டேங்குது. சிரிச்சுக்கிட்டே தக்காளியை எடுத்துத் தராசுல வைக்குது.

முத்து: 'போங்காமெ'ன்னு சொல்லியிருப்பாங்கடா. எனக்குப் போடுங்கன்னு அர்த்தம். ஸ்பானிஷ்ல 'பொனேர்'னா நம்ம 'போடு'. 'போங்காமெ மெதியோ கிலோ தெ தொமாதெஸ்'னா அரைக்கிலோ தக்காளி போடுங்க.

செல்வம்: நான் 'போன்'னு சொன்னேன். ஒரு மாதிரியா பார்த்துச்சு.

முத்து: 'போன்'னா வெறும் 'போடு'. பாட்டி வயசு அம்மாவைப் போய் 'நீ'ங்கிற. வெளியூர்க்காரன்னு விட்டிருக்கும்.

செல்வம்: சரி, பொனேர்ல இந்த 'ங்கா' எங்கேயிருந்து வந்துச்சு?

முத்து: 'நான் போடுறேன்'னா 'போங்கோ'. அதுல கடைசி ஓவைத் தூக்கிட்டு ஆ வை, 'போங்கா'. 'ஏர்'ல முடியற வினைக்குப் பெரும்பாலும் இதான் வழி. 'கோமெர்'னா சாப்பிடறது. 'கோமோ', நான் சாப்பிடறேன். 'கோமா', நீங்க சாப்பிடுங்க.

செல்வம்: சாப்பிடுங்கன்னா கோமாவா? உங்க சமையலைச் சாப்பிட்டவன்தான் பேர் வச்சிருக்கணும்.

முத்து: வாயை மூடு. 'நீ'ன்னு சொல்லணும்னா, 'அவன் சாப்பிடறான்'ங்கிற 'கோமெ'தான் கட்டளையும். அந்தக் கணக்குல இங்க 'பொனெ'ன்னு வரணும். வராது, 'போன்'தான். இப்படி அடங்காப்பிடாரி மொத்தம் 8 இருக்கு. 'சால்'னா வெளிய போ, 'பென்'னா வா, 'தென்'னா இந்தா.

செல்வம்: மனப்பாடம் பண்ண ஆளை விடுங்கண்ணே.

முத்து: இந்த ஒண்ணை மட்டும் பிடிச்சுக்க, பாதி ஸ்பானிஷ் முடிஞ்சுது. டிவி போடறது, பாட்டுப் போடறது, கடையில காபி போடறது, டாக்டர் ஊசி போடறது, கோழி முட்டை போடறது எல்லாமே பொனேர்தான். நாம சாப்பிட இலை போடுவோம், இவங்க மேசையைப் போடுவாங்க.

செல்வம்: சண்டை போடறது?

முத்து: அதுக்கு வேற வினை. உனக்கு முதல்ல அதுதான் ஞாபகம் வரும். சட்டை 'போட்டுக்கோ'ன்னா பின்னாடி 'தெ' ஒட்டிக்கும், 'போன்தெ'. 'போட்டுக்கோங்க'ன்னா 'போங்காசெ'. அழுத்தம் எப்பவும் 'போ'லதான். எழுதும்போது போங்காமெ, போங்காசெ ரெண்டுக்கும் அந்த 'ஓ' தலையில ஒரு சின்னக் கோடு போடு. 'போன்தெ'வுக்குக் கோடு வேண்டாம். (தட்டில் தோசை வைக்கிறார்.)

செல்வம்: போதும்ணே. நோ போன்மெ!

முத்து: (இன்னொன்று வைத்து) தப்பு. தமிழ்ல 'இல்லை போடு'ன்னா சொல்லுவ? 'போடாதே'ன்னு வடிவமே மாறுதுல்ல? இங்கேயும் மாறும். அப்புறம் 'எனக்கு'ங்கிற அந்த 'மெ' வால்லேர்ந்து கழண்டு முன்னாடி வந்துரும்.

செல்வம்: நோ மெ... போன்?

முத்து: (மூன்றாவதை வைத்து) போங்காவோட ஒரு 'ஸ்' சேரு.

செல்வம்: நோ மெ போங்கா மாஸ்!

முத்து: அது 'இனிமே போடாதீங்க'. காய்க்கடைக்குச் சரி. ஒரே ரூம்ல இருக்கிறவனுக்குள்ள இந்த ஊர்ல யாருடா 'நீங்க'ன்னு பேசறான்? 'ஸ்' எங்க? (நாலாவதை வைக்கிறார்.)

செல்வம்: உங்களை எப்படிண்ணே நான் நீன்னு சொல்றது? வாயே வராது.

முத்து: மாவு இன்னும் அரைக்கிலோ இருக்கு.

செல்வம்: (எழுந்து நின்று) நோ மெ போங்காஸ் மாஸ்!

முத்து: (கரண்டியோடு திரும்பி) என்னது? ஊரை விட்டு வந்து மூணு மாசம் ஆகல, என்னையவே 'நீ'ங்கிறியாடா?