அப்பாயி கேட்ட பாண்

கோத்தகிரி டீக்கடையில் நேற்று ஒருத்தர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "ஜார்க்கண்டுக்காரன் வந்து எஸ்டேட் பூரா நெறஞ்சுட்டான். தமிழ் தெரியாதவனுக்கு இங்க என்ன வேலை?" நான் வாய் திறக்கவில்லை. பஸ் வந்துவிட்டது, அது ஒரு காரணம். இங்கே என்ன வேலை என்று எங்களையும் இந்த ஊர் கேட்டிருக்கிறது என்பது இன்னொன்று. இத்தனைக்கும் எங்கள் வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

நாங்கள் சிலோன்காரங்க, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்கள். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் எங்களைப் பிரித்துக்கொள்ளக் கையெழுத்துப் போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கொழுந்து மூட்டையை எடை போட்டுப் பிரிப்பது மாதிரி. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, இந்த நீலகிரிக் குளிருக்கு வந்து சேர்ந்தோம். எங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. இன்றைய டான்டீ, அதாவது தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம், அதிலிருந்து வந்ததுதான்.

தமிழ் பேசியதால் துரத்தினார்கள் என்று மேடையில் முழங்குகிறோம். தாத்தா அதை ஒப்புக்கொள்ளமாட்டார். அவர் சிங்களக் கடையில் சிங்களத்தில் பேரம் பேசியவர். 1948 குடியுரிமைச் சட்டம் அவரிடம் சிங்களம் தெரியுமா என்று கேட்கவில்லை. உன் அப்பன் இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்றுதான் கேட்டது. லயத்துக் காம்பராவில், தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில், பிறந்த பிள்ளைக்கு யார் பதிவு எழுதி வைத்தார்கள்? சிங்களம் மட்டும் என்ற சட்டம் 1956இல்தான் வந்தது. அதற்கு முன்பே எங்கள் ஓட்டு போய்விட்டது. எங்களை முதலில் வெளியே தள்ளியது காகிதம், மொழி இல்லை.

சரி, தமிழ்நாட்டுக்கு வந்தாயிற்றே, இங்கே மொழி கைகொடுத்ததா? வந்த புதிதில் அப்பாயி கடையில் போய் "ஒரு பாணும் கால் கிலோ சீனியும்" கேட்டிருக்கிறார். இலங்கையில் ரொட்டிக்குப் பாண் என்றுதான் பெயர். "பாணா? அது என்ன பாஷைம்மா?" என்றாராம் கடைக்காரர். நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்கப்புறம் ரொம்ப நாள் அப்பாயி கடையில் வாயைத் திறக்காமல் விரலை நீட்டித்தான் சாமான் வாங்கினார். சொந்தத் தமிழிலேயே ஊமையானவர்! எனக்குப் பள்ளிக்கூடத்தில் பெயரே "ஏ சிலோன்". சாதிச் சான்றிதழுக்கு அலைந்தபோது ஒரு குமாஸ்தா "சொந்த ஊர் எது?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அவரிடம் தமிழில்தான் பதில் சொன்னேன்.

இதே மலையில் படுகர் வீட்டில் படுகு, சந்தையில் தமிழ். தோடர், கோத்தர், இருளர், குறும்பர் எல்லோருக்கும் தனித்தனிப் பேச்சு. கூடலூர்ப் பக்கம் போனால் மலையாளம். இவர்களை யாராவது வெளியாள் என்பார்களா? என்றால் அடி விழும்.

அதற்காக மொழி முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. இங்கே பிழைக்கத் தமிழ் வேண்டும். ஆஸ்பத்திரியில் வேண்டும், சம்பளச் சீட்டைப் படிக்க வேண்டும். கற்றுக்கொடுங்கள், அதற்கு ஒரு டீச்சர் போடுங்கள். வாசலில் நிறுத்தி வைத்துப் பரீட்சை வைக்காதீர்கள். முதலில் அந்த ஜார்க்கண்டுக்காரர்கள் என்ன பேசுகிறார்கள் என்றாவது கேட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்து லயத்தில் இருக்கும் ஜார்க்கண்டுக்காரர்கள் வீட்டில் பேசுவது சாத்ரி என்ற மொழி. இந்தி அவர்களுக்கே இரண்டாம் மொழிதான். நாமோ எல்லோரையும் ஒரே வார்த்தையில் "இந்திக்காரங்க" என்று முடித்துவிடுகிறோம்.

போன வாரம் சாயங்காலம் எடை போடும் இடத்தில் நின்றிருந்தேன். அந்த லயத்து அம்மா கொழுந்து கட்டிய படுதாவை இறக்கினார். மேஸ்திரி ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழித்து எழுதினார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை, ஒன்றாம் வகுப்புதான் இருக்கும், நிமிர்ந்து கேட்டது: "மழையே பெய்யல, ஏண்ணே ரெண்டு கிலோ கழிச்சீங்க?"

மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். பிறகு இரண்டை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார்.